டல்லாஸ் பெரிதா ஹூஸ்டன் பெரிதா

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ஸுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், மற்றபடி சௌக்கியமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே சொல். நீயும் மாப்பிள்ளை நிகிலும் குழந்தை அபிராமும் நன்றாக இருக்க வேண்டும், அந்த வேண்டுதலுக்குக் குறுக்கே என் கோபம் வராது. அப்பாவுக்குக் கண்புரை எடுத்த இடம் ஆறிவிட்டது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லியும் கழற்றமாட்டேன் என்கிறார், அது தனக்கு எடுப்பாக இருக்கிறதாம். நான் போனை எடுப்பதில்லை என்று அவரிடம் குறைப்பட்டாயாம். ஆமாம், எடுக்கமாட்டேன். ஆயுசில் பாதியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பிறத்தியார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நான். போனில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து அதை முடித்துவிடுகிறாய், அதுவும் தப்பாக. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இது.

உன் சித்தப்பா வெங்கிடராமனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அவர் டல்லாசிலிருந்து திரும்பி வந்ததில்தான் ஆரம்பித்தது. மகன் வெங்கிடேஷ் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது வேஷ்டி, வரும்போது முழங்கால் தெரிகிற நிக்கர். அந்த நிக்கரோடு எங்கள் வாசலில் வந்து நின்று, தோப்பும்படிக்குப் போகிற தூரத்தை மைலில் சொல்கிறார். காற்றில் மிளகு நெடி அடிக்கிறது என்று தும்முகிறார், பிறந்ததிலிருந்து இந்த பஜார் நெடியில் வளர்ந்த மூக்கு, ஆறு மாதத்தில் அதற்கு அலர்ஜி வந்துவிட்டது. எனக்கு ஃபிரிட்ஜில் ஒட்டுகிற ஒரு காந்தம் கொண்டுவந்து கொடுத்தார், டல்லாஸ் கட்டடங்களின் படம் போட்டது. எங்கள் ஃபிரிட்ஜின் முன்பக்கம் கண்ணாடி என்பதால் அது ஒட்டவில்லை. அதற்கும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் கலூரில் ஓர் ஆயுஷ்யஹோமம், பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். பரிமாறி முடிக்கவில்லை, இலையில் அமெரிக்காவை வைத்துவிட்டார். சாதம் நியூயார்க், அவியல் லாஸ் ஏஞ்சல்ஸ், எரிசேரி சிகாகோ, பெரிய வடை டல்லாஸ். என் மகள் எங்கே என்று கேட்டேன். இலையின் ஓரத்தில் இருந்த ஊறுகாயை விரலால் காட்டி, “இதாக்கும் ஹூஸ்டன்” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹூஸ்டன் அமெரிக்காவிலேயே நாலாவது பெரிய நகரம், டல்லாஸ் நகரத்தைப் போல ஒன்றே முக்கால் பங்கு என்று நீதானே ஒரு தடவை சொன்னாய், அதைச் சொன்னேன். அவர் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “மன்னி, நீங்க விஷயம் தெரியாம பேசறேள். சிட்டி வேற, மெட்ரோ வேற. மெட்ரோவாக்கும் கணக்கு. அதுல நாங்க எண்பது லட்சத்துக்கு மேல, நீங்க அதுக்குக் கீழதான்” என்றார். நாங்களாம், நீங்களாம். விசிட்டர் விசாவில் போய் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு வந்தவர், நாங்கள் என்கிறார். மெட்ரோ என்றால் என்ன என்று கேட்டதற்குச் சுற்றியிருக்கிற ஊர்களையெல்லாம் சேர்த்து எண்ணுவது என்றார். அடுத்தவன் ஊரை எடுத்துத் தன் ஊரில் போட்டுக்கொள்கிற இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா இத்தனை பவிசு? அப்படிப் பார்த்தால் கும்பளங்கியில் வலை வீசுகிறவனும் ஆலுவாயில் பஸ்ஸுக்கு நிற்கிறவனும் கொச்சிக்காரன்தான், நாமும் மார்தட்டிக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால் வெங்கிடேஷ் இருப்பது டல்லாசே இல்லை, ஃபிரிஸ்கோ. நீ இருப்பதும் ஹூஸ்டன் இல்லை, அதை ஒட்டிய கேட்டி. இரண்டு பேரும் இல்லாத இரண்டு ஊருக்காக நாங்கள் இரண்டு கிழங்கள் பாயசம் ஆறுகிறவரை சண்டை போட்டோம்.

அந்தப் பந்தியில் அவர் சொன்ன ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள், மேலே படிக்க உனக்கு அது வேண்டும். கையை உதறிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், “உலகமே டல்லாசுக்கு வந்து இறங்கறது. அஞ்சு பேர்ல ஒருத்தன் வேற தேசத்துல பொறந்தவனாக்கும். ஒரு ஊர் எப்படிப் பெரிசாறது? வெளியிலேந்து வரவாளாலதான். வரவனை வான்னு சொல்ற ஊர்தான் ஊர்.” நல்ல வார்த்தை என்று நானும் நினைத்தேன், என் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அப்பா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடினார். அவருக்கு இது கதகளி பார்க்கிற மாதிரி, எழுந்திருக்கவே மாட்டார். நியூயார்க்கும் சுற்று ஊர்களுமாகச் சுமார் இரண்டு கோடி பேர், அதில் அறுபது லட்சம் வெளிநாட்டில் பிறந்தவர்களாம். லாஸ் ஏஞ்சல்சில் மூன்றில் ஒருவர். மயாமி ஹூஸ்டனைவிடச் சின்னது, ஆனால் அங்கே பத்தில் நாலு பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். சிகாகோ உங்கள் இரண்டு ஊரையும்விடப் பெரிது, ஆனால் இதில் பின்தங்கிவிட்டது. ஹூஸ்டனில் ஏறக்குறைய நாலில் ஒருவர். அதாவது சித்தப்பாவின் அளவுகோலாலேயே அளந்தாலும் ஹூஸ்டன்தான் டல்லாசுக்கு மேலே, தலைக்கணக்கிலும் சரி, விகிதத்திலும் சரி. மறுநாள் காலையில் அவர் வாசலில் போய் நின்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்துவிட்டு, “எண்ணிக்கையில என்ன இருக்கு மன்னி, குவாலிட்டி வேணும்” என்றார்.

இப்போது மேல்வீட்டுக்காரர்களைப் பற்றி. போன ஓணத்துக்குப் பிறகு மாடியைச் சுடலைமணிக்கும் அவன் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கும் வாடகைக்கு விட்டேன் என்று உனக்குத் தெரியும். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். அவன் புதுக் கட்டடங்களில் டைல்ஸ் பதிக்கிறவன், அவள் பேலஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், வயிற்றில் பிள்ளை வந்து ஏழாம் மாதம் ஆனதும் நின்றுவிட்டாள். இவர்கள் தங்கக்கட்டிகள் என்று நான் உன்னிடம் சொல்லப்போவதில்லை. அவள் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவாள். அவள் காயப்போட்ட ஈரச்சேலை சொட்டி என் வடாம் ஒரு தட்டு நாசமாய்ப் போயிற்று, கேட்டதற்கு, “வடாத்தை நீங்கதாம்மா தள்ளி வச்சிருக்கணும்” என்று திருப்பிச் சொன்னாள். சாயங்காலமானால் சீரியல் சத்தம் கீழே வரைக்கும் வரும். நாங்கள் இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை போடுவோம். வாடகைக்காரியோடு சண்டை போடுவது வேறு, அவளைத் திருடி என்று சொல்வது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இந்தத் தெருவில் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி நம் எதிர்வீட்டுச் சேவியர் சேட்டன், அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் காணாமல் போயிற்று. ராத்திரி இருந்தது, காலையில் இல்லை. அவ்வளவுதான் தெரியும். போலீசுக்குப் போ என்றால் போகமாட்டார், அலைய வேண்டும் என்று சோம்பல். அதற்குப் பதிலாகச் சித்தப்பாவும் அவரும் சாயா குடித்துக்கொண்டே கேஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவில் புதிதாக வந்தது யார், வெளியூர் ஆள் யார், கையில் சுத்தியும் ஸ்க்ரூடிரைவரும் வைத்திருப்பவன் யார். சுடலைமணி. டைல்ஸ் பதிக்கிறவன் கையில் பின்னே வீணையா இருக்கும்? ஒன்று சொல்கிறேன் கேள், அவன் எடுக்கவில்லை என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யமாட்டேன், நான் பார்க்கவில்லை. எடுத்தான் என்று சொல்ல அவர்களிடமும் ஒரு துரும்புகூட இல்லை. இன்றுவரை அந்த மோட்டார் கிடைக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்று தெரியவும் இல்லை.

அப்பாவைக் கண் பரிசோதனைக்கு நான் அழைத்துப்போன அன்று காலை, சுடலைமணியும் வேலைக்குப் போன பிறகு, சித்தப்பாவும் சேவியரும் நம் வீட்டு மாடிக்கு ஏறியிருக்கிறார்கள். சேவியர் படியிலேயே நின்றுவிட்டாராம், அவருக்கு அவ்வளவு தைரியம்தான். உன் சித்தப்பா உள்ளே போயிருக்கிறார், டல்லாஸ் நிக்கரோடு. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அரிசி டின்னைக் கவிழ்த்தார், அரிசிக்குள் மோட்டாரை ஒளிக்க முடியும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாங்கள் திரும்பி வந்தபோது மாடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரையெல்லாம் அரிசி. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று பழைய வேஷ்டியைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்து வைத்திருந்த துணிகள், அவற்றில் அப்பா கொடுத்த வேஷ்டியும் உண்டு, வாசற்படி வரை சிதறிக் கிடந்தன. பேச்சியம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை. “அவரு எதைக் காணோம்னுகூடச் சொல்லலம்மா. தொறன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். அமெரிக்கால இருக்க வீட்டுக்காரம்மா மவ பாக்கச் சொல்லிட்டாகன்னாரு. எனக்கு அந்த அக்காவத் தெரியவே தெரியாதேம்மா” என்றாள். நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? அவர் பொய் சொல்கிறார், என் மகள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்றேன். அந்த மாடிப்படியில் நின்று உனக்காக அப்படிச் சொன்னேன். அவள் துணிகளைப் பொறுக்கினாள். சாயங்காலம் சுடலைமணி வந்ததும் ஒரு பையும் ஒரு பாயுமாக இடக்கொச்சியில் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். எழுந்து நின்றாவது பதில் சொல்லுவார் என்று பார்த்தேன், இல்லை. “ஸுப்ரியாகிட்டக் கேட்டுட்டுத்தான் போனேன் மன்னி. வீடு நாளைக்கு அவளோடதுதானே. நீங்க பாத்து செய்யுங்கோ சித்தப்பான்னு அவளே சொன்னா” என்றார். அப்புறம் உன்னிடமே கேட்டேன், ஞாபகம் இருக்கும். நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஆமாம் அம்மா, சொன்னேன், உனக்கு விவரம் போதாது, எங்கிருந்தோ வந்தவர்களை நம்பி மாடியில் வைத்திருக்கிறாய், எப்படியும் அதைக் காலி செய்து ஏசி போட்டு ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்று நானும் நிகிலும் பேசி வைத்திருக்கிறோம், ஃபாரினர்ஸ் வந்தால் நல்ல டீசன்டான ஆள்களாக இருப்பார்கள் என்றாய். அங்கேதான் நான் போனை வைத்தேன். அம்பாசமுத்திரத்துக்காரி வெளி ஆள், ஜெர்மன்காரன் விருந்தாளி. அடி பெண்ணே, இந்த அறிவை எந்தக் கடையில் வாங்கினாய்? வெங்கிடராமனுக்கு அது தம்பிடி செலவில்லாமல் பிறவியிலேயே வந்தது. நீ அத்தனை படித்து, அத்தனை தூரம் போய், அதே இடத்தில் வந்து நிற்கிறாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கடையில் வரிசையில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்காரி உன்னைப் பார்த்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதானே என்று சொன்னாள் என்று போன் செய்து அழுதாயே. நான் என்ன தப்புச் செய்தேன் அம்மா, என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், வரி கட்டுகிறேன், வேலை செய்கிறேன், யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை என்று விக்கி விக்கி அழுதாய். காரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் போனால் அபிராம் பார்த்துவிடுவான் என்று போகாமல் அழுதாய். அப்பா அன்று சாப்பிடவில்லை. அந்த வெள்ளைக்காரியை நான் எத்தனை வைதிருக்கிறேன் தெரியுமா, அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. அவளாவது வாயால் சொன்னதோடு போனாள். நீ உன் பெட்டியைத் திறக்க ஆள் அனுப்பினாய். உன் பெட்டி என்று தவறாக எழுதிவிட்டேன், பேச்சியம்மாளின் பெட்டி. அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அவர்கள் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், சேவியர் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பரிப்புவடையும் சாயாவும். இனி இந்தத் தெருவில் வெளி ஆள்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று தீர்மானம். முன்மொழிந்தது யார் என்று நீயே ஊகித்திருப்பாய். வரவனை வான்னு சொல்ற ஊர்தான் ஊர் என்று கலூரில் வடையைப் பிட்ட அதே கை. நான் எழுந்து வெளி ஆள் என்றால் யார் என்று கேட்டேன். இங்கே பிறக்காதவர்கள் என்றார். அப்படியானால் நான் கல்பாத்தியில் பிறந்தவள், மூட்டை கட்டட்டுமா என்றேன். “மன்னி, அது வேற. தமிழ்நாட்டுலேந்து, வடக்கேந்து, இப்படி வராளே, அவாளைச் சொல்றேன்” என்றார். உன் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தது கல்லிடைக்குறிச்சி. ஆற்றுக்கு இந்தக் கரை அவள், அந்தக் கரை பேச்சியம்மாள். இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள். சித்தியைப் பார்த்து, நீ எப்போ கிளம்பறே என்று கேட்டேன். பாவம், அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், நாற்காலியே ஆடிற்று. உன் சித்தப்பா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சேவியர் எழுந்து, “சேச்சி, இது நம்முடெ செக்யூரிட்டிக்கு வேண்டியாணு, வேறே ஒண்ணும் விசாரிக்கண்டா” என்றார், நான் வேறு எதுவும் நினைத்துக்கொள்ளக் கூடாதாம். உங்கள் மகன் துபாயில் யார் செக்யூரிட்டிக்காக இருக்கிறான் என்று அவரைக் கேட்டேன். அவர் சாயா டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்பா அதுவரை கறுப்புக் கண்ணாடியோடு பேசாமல் இருந்தார், தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மெல்ல எழுந்து தம்பியைப் பார்த்து, “வெங்கிடு, கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி தனியா இருக்கறச்சே உள்ள போய்ப் பெட்டியைத் தொறக்கச் சொன்னயே, அந்தக் காலோட என் ஆத்து வாசப்படி ஏறாதே” என்றார். ஐம்பது வருஷமாக நான் கேட்காத குரல். வடை மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அதனால் தீர்மானம் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் இரண்டு பேரையும் சித்தியையும் தவிர எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நன்றாக நிறைவேறிற்று. முதலில் தூக்கியது யார் கை என்று எழுதி மை செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை. நியூயார்க் பெரிது, லாஸ் ஏஞ்சல்ஸ் பெரிது, டல்லாஸ் பெரிது, எல்லாம் பெரிது, அதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மாடி அறையளவு மனசு கிடையாது.

மறுநாள் பஸ் ஏறி இடக்கொச்சிக்குப் போனேன். காயல் ஓரத்தில் ஓர் ஒற்றை அறையில் அந்த அக்கா, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள், இவர்கள் இரண்டு பேர். பேச்சியம்மாள் எனக்கு நாற்காலி போட்டாள், கப்பைக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள், எல்லா மரியாதையும் செய்தாள். திரும்பி வா என்றேன். வரமாட்டேன் என்றாள். “நீங்க வந்தது சந்தோசந்தாம்மா. ஆனா அந்த வீட்ல எனக்கு இனி ஒறக்கம் வராது. கதவ யாரு எப்பத் தொறப்பாங்கன்னே இருக்கும்” என்றாள். நான் இருக்கிறேனே என்றேன். “நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா?” என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வெயிலில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, உனக்காகத் தெருவையே எதிர்த்துவிட்டு வந்திருக்கிறேன், நீ என்னவென்றால் என்று உள்ளுக்குள் கொதித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அதுவும் ஒரு திமிர் என்று உறைத்தது, அவள் எனக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமா என்ன.

ஆனால் போன வாரம் அவளே வந்துவிட்டாள். அமாவாசையை ஒட்டிக் காயல் தண்ணீர் ஏறி அந்த அறைக்குள் கணுக்கால் அளவு நின்றிருக்கிறது. இடக்கொச்சியிலும் கும்பளங்கியிலும் இப்போதெல்லாம் இது மழை இல்லாத நாளிலும் வருகிறது. பாயை எங்கே விரிப்பது, நிறைமாதக்காரி எத்தனை நேரம் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலில் நின்றுகொண்டு முதல் வார்த்தையாக, “ஒங்களுக்காக வரலம்மா. தண்ணிக்காக வந்தேன்” என்றாள். நல்லது, எதற்காகவாவது வந்தாயே, சேலையை மட்டும் தள்ளிக் காயப்போடு என்றேன். சுடலைமணி வந்ததும் முதல் வேலையாக மாடிக் கதவின் கொண்டியை மாற்றி, உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வெளியே கைக்குழந்தையின் தலை அளவுக்கு ஒரு பூட்டும் போட்டான். மாற்றுச்சாவி எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து சேவியர் கேட் பக்கம் வந்து இருமினார், மாடிக் கொடியில் சேலையைப் பார்த்துவிட்டு, “சேச்சி, தீருமானம் உண்டல்லோ” என்றார். உண்டென்றால் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள் என்றேன். போய்விட்டார். அப்புறம் யாரும் வரவில்லை. உன் சித்தப்பா தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார், மறுபடி டல்லாசுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாராம். போகட்டும், அந்த மெட்ரோவில் ஒரு தலை கூடட்டும்.

நீ இன்னும் என் மகள்தான், அதில் சந்தேகம் வைத்துக்கொண்டு அழாதே. உன் மேல் இத்தனை வெறுப்போடு எழுதுகிறேனே என்று எனக்கே கை கூசுகிறது. வெங்கிடராமனிடம் எனக்கு எதிர்பார்ப்பு கிடையாது, அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. உன்னைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், அபிராமுக்கு நெஞ்சில் சளி கட்டவிடாதே. அவனைத் தமிழ் பேச வைக்கிறேன் என்று சொன்னாயே, வைக்கிறாயா? உங்கள் கிரீன்கார்டு விஷயம் சீக்கிரம் நல்லபடி முடிய வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், யாரும் உன்னை எங்கிருந்து வந்தாய் என்று கேட்காத நாள் வர வேண்டும். மூவரும் தீர்க்காயுசாக, மனசிலும் உடம்பிலும் குறைவில்லாமல் இருங்கள். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், ஆனால் போனில் உன்னிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லையாம், அதையும் எழுதச் சொன்னார்.

டிசம்பரில் வருகிறாய். கீழே சின்ன அறையை ஒழித்து வைக்கிறேன், மூன்று பேருக்கும் அது போதும். அதற்குள் மேலே குழந்தை பிறந்திருக்கும். வந்து குளித்துச் சாப்பிட்டபின், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நீ தனியாக மாடி ஏறு. கதவைத் தட்டு. யார் என்று கேட்பாள், பெயரைச் சொல். எதற்கு வந்தாய் என்று கேட்டாலும் கேட்பாள், நின்று பதில் சொல். அவள் திறந்தால் உள்ளே போ.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பாள்